சுடுகின்ற கடலும் வெளுக்கின்ற பவளப்பாறையும்

சென்ற பொங்கல் விழாவன்று, நம் சங்கக் கட்டிடத்தின் பின்புறத்தே காய் நறுக்கிக்கொண்டிருந்த மாதர் குழாத்தினிடையே ஒரு சிறு வழக்கு எழுந்தது. அம்மையார் ஒருவர் கழுத்தில் இரட்டைச் சரமாகப் பவள மாலை அணிந்திருந்தார். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் நம் மகள் அதனை உற்று நோக்கிவிட்டு, "இதைக் கடலிலிருந்து வெட்டி எடுத்தால் போலீஸ் பிடிக்கும் என்று தாத்தா சொல்லியிருக்கிறார்" எனச் சபையறியக் கூறிவிட்டாள். அம்மையாரின் முகம் வாடிப் போயிற்று. "எங்கள் பாட்டி காலத்து மாலையடி, பெண்ணே! யாரும் திருடிக் கொண்டுவந்ததில்லை" என்றார் அவர். நாம் இடைபுகுந்து இருவரையும் அமைதிப்படுத்த வேண்டியதாயிற்று. அவ்வேளை நாம் கூறிய சமாதானம் அரைகுறையானது. அதனை முழுமையாக எழுதித் தருமாறு பத்திரிகைக் குழுவினர் பணித்தமையால் இக்கட்டுரை எழலாயிற்று. மெட்ரிக்குலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு குட்ஸ் ஆபீசில் ரசீது போடும் நாம் கடல் விஞ்ஞானம் பேசுவதா என்று அன்பர் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். படித்தும் கேட்டும் கண்டும் அறிந்ததையே எழுதுகிறோம்.

வழக்கில் இருதரப்பும் சரியே. நவமணிகளுள் ஒன்றாக நம்மவர் போற்றும் செம்பவளம், பெரும்பாலும் மத்தியதரைக் கடலில், வெளிச்சம் குன்றிய பாறைகளில் வளர்வது. பன்னெடுங்காலமாக வணிகர் வழியே நம் நாட்டிற்கு வந்து சேர்ந்தது. நம் கரையோரத்துப் பவளப்பாறை அதற்குத் தூரத்து உறவு; குணத்தில் வேறு. செம்பவளம் இருளில் வாழும். பாறை கட்டும் பவளத்திற்கோ வெயில் வேண்டும். தெளிந்த நீர் வேண்டும். நீரின் சூடும் ஓர் அளவிலேயே நிற்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைதான் இப்பொழுது தவறிக்கொண்டிருக்கிறது.

நம் மகள் குறிப்பிட்ட தாத்தா, நம் அன்னையின் உடன்பிறந்தவர். இராமநாதபுரம் சீமையில், நிலம் கூர்ந்து இராமேசுவரத் தீவை நோக்கி நீளும் முனையில், மண்டபத்தையடுத்த ஒரு சிறு மீனவர் ஊரில் வாழ்பவர். அவ்விடத்தில் நிலத்தின் வடபுறம் பாக் விரிகுடா; தென்புறம் மன்னார் வளைகுடா. பூகோளப் புத்தகத்துப் பெயர்கள் அவ்வூராருக்குத் தேவையில்லை. வடகடல், தென்கடல் என்பார்கள், அவ்வளவே.

மாமாவின் பழைய வீட்டுச் சுவர் முருகைக்கல்லால் ஆனது. பவளப்பாறையை வெட்டிக் காயவைத்தால் கிடைக்கும் கல்லுக்கு அப்பக்கத்தில் அதுவே பெயர். கல்லும் அது, கல்லை இணைத்த சுண்ணாம்பும் அதே கல்லைச் சூளையிலிட்டுச் சுட்டது. சிறு வயதில் விடுமுறைக்குச் செல்லும்போதெல்லாம், பூச்சு உதிர்ந்த இடங்களில் தெரியும் கல்லை விரலால் தடவிப் பார்ப்பது நமக்கு விளையாட்டு. கல் முழுவதும் நட்சத்திரம் நட்சத்திரமாகச் சிறு குழிகள் நெருங்கியிருக்கும். எந்தச் சிற்பி செதுக்கினான் என்று மாமாவைக் கேட்டதுண்டு. "அதிலே பூச்சி குடியிருந்தது" என்பார். அதற்கு மேல் அவருக்கும் அக்காலத்தில் தெரியாது.

அவர் கூறியது முற்றிலும் உண்மை. ஒவ்வொரு குழியும் ஓர் உயிர் வாழ்ந்த வீடு. கடுகளவு முதல் கடலையளவு வரையிலான அச்சிறு பிராணி, பூவைப் போல் விரியும் உணர்விரல்களை உடையது. நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிரித்தெடுத்துத் தன்னைச் சுற்றி ஒரு கிண்ணம் கட்டிக்கொள்வது. ஒன்று பலவாகப் பெருகிக் கிண்ணத்தின்மேல் கிண்ணமாக அடுக்கும். இவ்விதம் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அடுக்கியதே பாறை. உருண்டைக் கல்லாக வளரும் இனம் ஆண்டிற்கு ஒரு சென்டிமீட்டர் அளவே உயரும். மான்கொம்பைப் போல் கிளைவிடும் இனம் அதனினும் பன்மடங்கு விரைவாக வளரும். மாமா வீட்டுச் சுவரில் முழங்கையளவு கனமுள்ள கல் ஒன்றை எண்ணிப் பார்த்தால், அதை வளர்க்கக் கடலுக்கு நம் வயதைவிட அதிகமான காலம் சென்றிருக்கும். வெட்டியெடுக்க மாமாவுக்கு ஒரு முற்பகல் போதுமாயிருந்தது.

ஆம், மாமாவும் வெட்டியவர்தாம். பையனாயிருந்த காலத்தில், கடப்பாரையோடு வள்ளத்தில் சென்று, நீர் வற்றும் நேரம் பார்த்துக் கல் பெயர்த்து, சூளைக்காரருக்கு விற்றுவரும் கூட்டத்தில் அவரும் ஒருவர். அது குற்றமென்று அந்நாளில் யாரும் கருதவில்லை. மண் வெட்டுவது போல் அதுவும் ஒரு கூலிவேலை. மன்னார் வளைகுடாவில் பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே வரிசையாக 21 சிறு தீவுகள் உண்டு. குருசடை, முயல் தீவு, அப்பா தீவு, நல்லதண்ணித் தீவு, காரைச்சல்லி, விலங்குச்சல்லி, வான் தீவு என்று பெயர்களே கதை சொல்லும். இத்தீவுகளைச் சூழ்ந்த பாறைகளில் ஏறத்தாழ 32 சதுர கிலோமீட்டர் பரப்பு, கல் வெட்டியதாலும் பிற கேடுகளாலும் சிதைந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வேலி போன பின் பயிர் என்னாகும்? பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரு தீவுகள் நீருக்குள் மூழ்கிவிட்டன.

பாறையினால் பயன் என்ன என்று கேட்போருக்கு இரண்டே வார்த்தை. உலகக் கடலடியில் நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைந்த இடத்தையே பவளப்பாறைகள் பிடித்திருக்கின்றன. ஆயினும் கடல்வாழ் உயிரினங்களில் ஏறத்தாழக் கால்பங்கு, வாழ்வின் ஏதேனும் ஒரு பருவத்தில் அவற்றை அண்டியே பிழைக்கின்றன. விளமீன், கலவாய், ஓரா, சிங்கி இறால் எல்லாம் அவ்விடத்துக் குடிகள். மற்றொன்று, கரையைத் தாக்க வரும் அலையின் வலிமையில் பெரும்பகுதியைப் பாறை தன்மேல் வாங்கிக்கொள்கிறது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்துபோன பிறகு, தீவுகளும் பாறைகளும் தங்களுக்கு அரண் என்ற எண்ணம் அக்கரை மீனவரிடையே வலுப்பட்டது. அதற்கு முன்பே சட்டமும் வந்திருந்தது. 1986-இல் தீவுகளைச் சூழ்ந்த 560 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 2001-இல், புலியும் யானையும் இடம்பெற்றுள்ள வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளமும் சேர்ந்தது. 2005-க்குள் கல் வெட்டும் தொழில் அடியோடு நின்றுபோயிற்று. நம் மகள் போலீஸ் என்று பயமுறுத்தியது இதைத்தான்.

வெட்டு நின்றதும் கடல் தன் புண்ணைத் தானே ஆற்றத் தொடங்கிற்று. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் ஆண்டுதோறும் நீரில் மூழ்கி, அடித்தளத்தில் எவ்வளவு பகுதியை உயிருள்ள பவளம் மூடியிருக்கிறது என்று அளந்து வருகிறார்கள். 2005-இல் நூற்றுக்கு ஏறத்தாழ 37 பங்கு. 2009-இல் ஏறத்தாழ 43 பங்கு. மனிதன் கையை எடுத்தால் போதும், கடல் பிழைத்துக்கொள்ளும் என்று மகிழ்வதற்கு இடமிருந்தது. அம்மகிழ்ச்சி ஓராண்டே நிலைத்தது.

நிற்க. 2024 மே மாதம் பாஸ் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சென்றிருந்தோம். தன்பாத்–ஆலப்புழை எக்ஸ்பிரஸில் சென்னை, அங்கிருந்து தெற்கே. பாம்பனின் பழைய ரயில் பாலம் 1914 முதல் உழைத்து ஓய்ந்து, 2022 டிசம்பரிலேயே போக்குவரத்து நின்றிருந்தது. புதிய பாலம் 2025 ஏப்ரலில்தான் திறக்கப்பட்டது. ஆகவே அக்கோடையில் ரயில் தீவுக்குள் செல்லவில்லை. நாம் போக வேண்டிய ஊர் பாலத்திற்கு இப்பாலேயே இருந்ததால் நமக்குக் குறையில்லை. உடன் வந்த யாத்திரிகர்களின் புலம்பலைத்தான் கேட்டுக்கொண்டு சென்றோம்.

மீன்களின் இனப்பெருக்கத்தை முன்னிட்டு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அக்கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது. மாமாவின் நாட்டு வள்ளத்திற்குத் தடையில்லை. ஒரு காலை, நம்மையும் நம் மகளையும் ஏற்றிக்கொண்டு வடகடலில் தள்ளினார். அப்பக்கத்தில் தீவு கிடையாது. கரையை ஒட்டியே பார் நீண்டு கிடக்கும். காற்றென்பதே இல்லை. கடல் எண்ணெய் பூசினாற்போல் பளபளத்தது. நீரில் கைவிட்டோம். குழந்தைக்குக் குளிக்க விளாவி வைத்த வெந்நீர் போலிருந்தது. சங்கு குளிப்பவர் அணியும் முகக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வள்ளத்தின் விளிம்பில் குப்புறப் படுத்து, முகத்தை நீருக்குள் ஆழ்த்திப் பார்த்தோம்.

சிறு வயதில் அதே இடத்தில் பார்த்தது நினைவிருக்கிறது. மஞ்சளும் பழுப்பும் இளம்பச்சையுமாய், மண்ணிறப் புதர்க்காடு போலிருக்கும். இப்பொழுது கண்டது வெள்ளை. சுண்ணாம்பு அடித்த சுவரின் வெள்ளை. கிளைகளெல்லாம் வெள்ளை, உருண்டைப் பாறைகளில் திட்டுத் திட்டாக வெள்ளை. உண்மையைச் சொல்வதானால் பார்க்க அழகாகவே இருந்தது. நம் மகளும் கண்ணாடியை வாங்கிப் பார்த்துவிட்டு, "தாத்தா, எவ்வளவு அழகாயிருக்கிறது! யார் வெள்ளையடித்தார்கள்?" என்றாள்.

"அழகு இல்லை, ஆத்தா. அது பட்டினி கிடக்குது" என்றார் மாமா.

ஆராய்ச்சி செய்ய வரும் பிள்ளைகளைத் தம் வள்ளத்தில் ஏற்றிச் சென்று பழகியவர் அவர். 'பூச்சி குடியிருந்தது' என்ற அளவில் நின்றிருந்த அவர் அறிவு, இப்பொழுது நம்முடையதினும் ஆழ்ந்துவிட்டது.

பட்டினி என்று அவர் கூறியதன் பொருள் இது. பவளப் பிராணியின் சதைக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. பிராணி அவற்றிற்கு இடம் கொடுக்கிறது. தன் கழிவை உரமாகத் தருகிறது. பாசிகளோ வெயிலைக் கொண்டு சர்க்கரை சமைத்து, அதிற் பெரும்பகுதியை வீட்டுக்காரனுக்கே வாடகையாகச் செலுத்துகின்றன. பவளத்தின் உணவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வரையில் இவ்வாடகையே. பவளத்தின் நிறமும் பெரும்பாலும் இப்பாசிகளின் நிறமே. நீரின் சூடு, வழக்கமான கோடை உச்சத்தைக் காட்டிலும் ஒரு டிகிரி கூடிச் சில வாரங்கள் நீடித்தால், பாசியின் சமையலறை பழுதாகிறது. சர்க்கரைக்குப் பதிலாக நச்சுப் பொருள் கசிகிறது. பிராணி வேறு வழியின்றிக் குடித்தனக்காரனை வெளியே தள்ளிவிடுகிறது. பாசி போனதும் நிறம் போயிற்று. கண்ணாடி போன்ற சதையினூடே சுண்ணாம்புக் கூடு வெள்ளையாகத் தெரிகிறது. இதையே வெளுத்தல் என்கிறார்கள்.

வெளுத்த பவளம் செத்த பவளமன்று. இதனை வாசகர்கள் நன்கு மனத்திற்கொள்ள வேண்டும். சில வாரங்களுக்குள் நீர் குளிர்ந்தால், பாசிகள் மீண்டும் குடியேறும். நிறமும் உயிரும் திரும்பும். குளிராவிட்டால் பிராணி பசியால் மடியும். கூட்டின்மேல் வேறு பாசி பச்சைப் போர்வையாகப் படரும். அக்கடலில் நீரைக் குளிரச் செய்வது தென்மேற்குப் பருவக் காற்று. மாமாவின் மொழியில் கச்சான். அக்காற்று கிளம்பிக் கடலைக் கலக்கினால்தான் சூடு தணியும். ஆகவே சித்திரை பிறந்தது முதல் அவர் வானத்தைப் பார்ப்பது மீனுக்காக மட்டுமன்று.

ஒரு டிகிரிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று தோன்றக்கூடும். ரயில்வேக் குடும்பத்தாருக்கு இது விளங்காத விஷயமன்று. வேனிற்காலத்துத் தண்டவாளம் நாள்தோறும் சூடேறுகிறது, விரிகிறது, ஒன்றும் நேர்வதில்லை. ஆனால் அதற்கென்று ஓர் எல்லையுண்டு. நீளமாகப் பற்றவைத்த தண்டவாளம் அவ்வெல்லையைக் கடந்துவிட்டால், விரிய இடமின்றிப் பக்கவாட்டில் பாம்பு போல் நெளிந்துவிடும். அதனாலேயே உச்சிவெயிலில் நம் கேங்மேன்கள் பாதையை நடந்து பார்க்கிறார்கள். பவளம் தன் எல்லைக்கு வெகு அருகிலேயே வாழப் பழகிய உயிர். எல்லைக்குள் சுகம், ஒரு படி தாண்டினால் கேடு.

இனி, கணக்கு. 2010 கோடையில் மன்னார் வளைகுடா பெருமளவில் வெளுத்தது. 43-ஆக இருந்த பங்கு 33-ஆக இறங்கிற்று. பின் ஆறு ஆண்டுகளில் மெல்ல மெல்ல ஏறி 39-ஐத் தொட்டது. 2016 கோடையில் நீரின் சூடு 32 டிகிரியைத் தாண்டிற்று. அவ்வாண்டு முடிவதற்குள் 39 என்பது 23 ஆயிற்று. விரைந்து வளரும் கிளைப்பவளமும் இலைப்பவளமும் முதலில் மடிந்தன. மெதுவாக வளரும் உருண்டைப் பாறைகள் பெரும்பாலும் தப்பின. கடப்பாரை பல ஆண்டுகளில் செய்ததை வெந்நீர் ஒரே கோடையில் செய்துவிட்டது.

இவ்வெண்களைப் பார்க்கும்போது நமக்குப் பட்டது ஒன்று. பவளத்திற்கு மீளும் ஆற்றல் இல்லாமலில்லை. 2010-க்குப் பின் மீண்டதே! அதற்கு வேண்டியது அவகாசம். பாதை செப்பனிடுவோருக்கு 'பிளாக்' கொடுப்பது நம் அலுவலக வழக்கம். சில மணி நேரம் வண்டிகளை நிறுத்தி வைத்தால்தான் பழுது பார்க்க முடியும். வண்டிக்குப் பின் வண்டியாக விட்டுக்கொண்டேயிருந்தால், எத்துணைத் திறமையான ஆட்கள் இருந்தும் பயனில்லை. விரைவாக வளரும் பவளங்கள் மீண்டு எழவே பத்தாண்டுகளேனும் வேண்டும் என்கிறார்கள். உலகெங்கும் நூறு பாறைத் தொகுதிகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 1980-களின் தொடக்கத்தில் 25 முதல் 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த கடும் வெளுப்பு, 2016-க்குள் ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்றாகிவிட்டது. பத்து வேண்டும், கிடைப்பது ஆறு. அதுவும் குறைந்து வருகிறது. 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டு 2016, 2017, 2020, 2022, 2024 என்று எட்டாண்டுகளுக்குள் ஐந்து முறை வெளுத்தது. அங்கே 'பிளாக்' என்பதே இல்லாமற் போயிற்று எனலாம்.

உலக முழுவதையும் தழுவிய வெளுப்பு 1998-இல் முதன்முதலாகப் பதிவாயிற்று. அடுத்தது 2010, பின் 2014 முதல் 2017 வரை. நான்காவது 2023 ஜனவரியில் தொடங்கியது. உலகப் பவளப்பாறைப் பரப்பில் நூற்றுக்கு 84 பங்கை அச்சூடு தொட்டுவிட்டது என்று 2025 ஏப்ரலில் வெளியான கணக்கு கூறிற்று. இதுகாறும் அறிந்தவற்றுள் இதுவே பெரிது. நம் நாட்டு இலட்சத்தீவுகளும் தப்பவில்லை. அங்கே வீடு நிற்கும் மண்ணே பவளம் உதிர்ந்த மண். மன்னார் வளைகுடாவில் பாறை போனால் மீன் போகும்; இலட்சத்தீவில் பாறை போனால் காலப்போக்கில் ஊரே நிற்க இடமிராது.

சூடு எங்கிருந்து வருகிறது? இவ்விடத்தில் நம் பேனா சற்றுத் தயங்குகிறது. நிலக்கரி, பெட்ரோல் முதலியவற்றை எரிப்பதால் எழும் கரியமில வாயு, போர்வை போல் பூமியின் சூட்டை வெளியே விடாமல் தடுக்கிறது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அவ்விதம் மிஞ்சும் சூட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்கு மேல் கடலுக்குள்ளேயே போய்ச் சேருகிறது என்பதைப் பலர் அறியார். அவ்வாயுவிலேயே ஏறத்தாழக் கால்பங்கைக் கடல் கரைத்துக்கொள்கிறது. அதனால் நீரின் புளிப்புத்தன்மை கூடி, பவளம் சுண்ணாம்புக் கூடு கட்டுவதும் கடினமாகிறது. மேலே சூடு, உள்ளே புளிப்பு.

நாமோ நிலக்கரி ஏற்றும் டிவிஷனில் ரசீது போடுகிறவர். 58 வேகன் கொண்ட ஒரு ரேக், ஏறத்தாழ 4,000 டன். ஒரு டன் கரி எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை டன் கரியமில வாயு. எரிந்த பொருளினும் புகை கனமாவது எப்படி என்று நாமும் முதலில் திகைத்தோம். கரி காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்வதால் எடை கூடுகிறதாம். ஆக, நாம் ஒருமுறை ரசீது போட்டால் ஆறாயிரம் டன். ஒரு பகலில் எத்தனை ரேக் போகிறதென்று இங்கே எழுதுவதற்கில்லை. நம் ரயில்வே சுமக்கும் சரக்கில் ஏறத்தாழப் பாதி நிலக்கரியே என்பதை மட்டும் கூறி விடுகிறோம். நம் குழந்தைகளின் பள்ளிச் சம்பளமும் இச்சங்கத்தின் சந்தாவும் அதிலிருந்தே பிறக்கின்றன. மறுபுறம், தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால், ஓர் இந்தியன் வெளிவிடும் வாயு உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு. வடகடல் மீனவனின் பங்கு அதனினும் அற்பம். நாளையே நம் டிவிஷனின் ரேக்குகளையெல்லாம் நிறுத்திவிட்டாலும் மாமாவின் கடல் அடுத்த சித்திரையில் குளிர்ந்துவிடாது. இவையெல்லாம் உண்மைகளே. ஒன்றைக் கூறி மற்றொன்றை மறைக்க நமக்கு மனமில்லை.

கல் வெட்டியவனைப் பிடிக்கச் சட்டத்தால் முடிந்தது. காவல் படகால் முடிந்தது. வெந்நீரை எந்தக் காவற்காரன் தடுப்பான்? தீவைச் சுற்றி எவ்வளவு வேலி போட்டாலும் சூடு உள்ளே வந்துவிடுகிறது. 2018-இல் உலக நாடுகளின் விஞ்ஞானிகள் குழு அளித்த அறிக்கையில், பூமியின் சூடு தொழிற்காலத்திற்கு முன்னிருந்ததைவிட ஒன்றரை டிகிரி உயர்ந்தால் பவளப்பாறைகளில் நூற்றுக்கு 70 முதல் 90 பங்கு குறையும் என்றும், இரண்டு டிகிரி உயர்ந்தால் ஏறக்குறைய முழுவதும் போகும் என்றும் கண்டிருக்கிறது. பத்து பங்கு மிஞ்சுவதற்கும் ஒன்றும் மிஞ்சாததற்கும் இடையேயுள்ள தூரம் அரை டிகிரி. ஆகவே எல்லாம் முடிந்தது என்பாரோடும் நாம் உடன்படுவதற்கில்லை.

கைகட்டிக்கொண்டும் யாரும் இருக்கவில்லை. தூத்துக்குடி ஆராய்ச்சியாளர் உடைந்த பவளத் துண்டுகளைச் சிமெண்டுப் பலகைகளில் கட்டி, நாற்று நடுவது போல் கடலடியில் நட்டு வருகிறார்கள். கரைந்துகொண்டிருந்த வான் தீவைச் சுற்றிச் செயற்கைப் பாறைகள் இறக்கி அலையைத் தடுத்திருக்கிறார்கள். மாமா இதற்கும் படகு ஓட்டியவர். "அன்றைக்குக் கடப்பாரை பிடிச்ச கை, இன்றைக்கு நாத்து நடுது" என்று சிரித்தார். நட்டவற்றில் எவ்வளவு 2024-இன் சூட்டைத் தாங்கிற்று என்று கேட்டோம். அதற்கு அவர் விடை கூறவில்லை, பேச்சைத் திருப்பிவிட்டார்.

திருப்பிய பேச்சு அவருடைய இளைய மகனைப் பற்றியது. பாரை அண்டிய மீன் குறைந்துவிட்டது. சூடு ஒன்றே காரணமென்று கூறினால் அது நியாயமாகாது. இழுவைமடிகள் அடிமண் வரை வாரிச் சென்றதையும் மாமா ஒளிக்காமல் கூறினார். எதனாலாயினும், ஒரு வள்ளத்தை நம்பி இரண்டு குடும்பம் பிழைக்க வழியில்லை. "மருமகனே, வடக்கே உங்க பக்கம் இவனுக்கு ஏதாவது பார்க்கக்கூடாதா?" என்று கேட்டபோது அவர் நம் முகத்தைப் பார்க்கவில்லை. கடலை விட்டு ஒரு மகன் போவதை அக்குடும்பத்தில் யாரும் இதற்கு முன் கேட்டதில்லை. நம் அன்னையார் மணமாகி வெளியேறியதுதான் அவ்வீட்டிலிருந்து நிகழ்ந்த முதற் பிரயாணம்.

மைத்துனன் 2025 ஆவணியில் வந்து சேர்ந்தான். இப்பொழுது நம் குவார்ட்டர்ஸிலேயே தங்கி, ஒரு கண்டிராக்டரிடம் சைடிங்கில் வேலை பார்க்கிறான். வேகனில் கரி நிரப்பும் இடத்தில் மேற்பார்வை. இந்தி தட்டுத் தடுமாறிப் பேசுகிறான். முதல் மாதம் மீனின்றிச் சோறு இறங்கவில்லை. நம் இல்லாள் ஞாயிறுதோறும் சந்தையில் குளத்து மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். ஒரு வாய் உண்டுவிட்டு, "மச்சான், இதிலே உப்பே இல்லையே" என்றான். குழம்பில் உப்பு இருந்தது. மீனில் இல்லை.

சைடிங்கிலிருந்து வந்து, கரி படிந்த கைகளைக் கழுவியதும் அவன் முதலில் செய்வது ஊருக்குப் பேசுவது. தந்தையும் மகனும் உடல்நலம் விசாரிப்பதோடு சரி. காசு பணம் பேசுவதில்லை. அப்புறம் அவன் ஒரே கேள்வி கேட்பான்.

"அப்பா, கச்சான் கிளம்பிருச்சா?"

அறையின் மறுகோடியில் அமர்ந்திருக்கும் நமக்கு மாமாவின் விடை கேட்பதில்லை. அவன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம்.